8 நிமிடம் 32 விநாடியில் அணைந்த பல்பு: எட்டு பிட் சிப் பழகிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஏடிடைனி85 என்னும் எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலருக்கு (ஒரு முறைக்கு எட்டு பிட், அதாவது ஒரு பைட், கையாளும் சிறு கணினிச் சிப்புக்கு) நிரல் எழுதப் பழகியதையும், அப்போது எழுந்த பழுதுகளின் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டதையும் இக்கட்டுரை பதிவு செய்கிறது. விடுமுறை மாலைகளில் அவரோடு அமர்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவரைப் பயிலுநர் என்றே குறிப்பிடுகிறேன்.

களமும் தேவையும்

பயிலுநர் ஐடிஐயில் வயர்மேன் பிரிவு படித்தவர். மின்சாரம் அவருக்குக் கைவந்தது, நிரல் புதிது. சி மொழியில் மாறி, நிபந்தனை, சுற்று ஆகியவற்றைக் கைப்பேசியில் எழுதிப் பார்த்திருந்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே சம்ப். விடியற்காலையில் மெட்ரோ தண்ணீர் வந்து அதில் சேரும், அரைக் குதிரைத்திறன் மோட்டார் அதை மொட்டை மாடி டேங்க்குக்கு ஏற்றும். சுவிட்சைப் போட்டவர் மறந்துவிட்டால் டேங்க் வழிந்து சுவரெல்லாம் நனையும்; சம்ப் வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் சீல் சூடேறிக் கெட்டு, தண்டு இறுகி, கடைசியில் காயில் கருகும். அப்படிக் கருகிய காயில்களைக் கடையில் தம் கையாலேயே பிரித்துக் கட்டுபவர் என்பதால், எதைத் தடுக்க வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெளிவாக இருந்தது. இப்படிப்பட்ட தெளிவோடு வருபவருக்குக் கற்பிப்பது, ‘ஏதாவது செய்ய வேண்டும்’ என்று வருபவருக்குக் கற்பிப்பதைவிட எளிது என்பது என் அனுபவம்.

கருவி செய்ய வேண்டியவை சில. மேல் டேங்க் குறைந்து, சம்பில் தண்ணீரும் இருந்தால் மோட்டார் ஓட வேண்டும்; டேங்க் நிறைந்தாலோ சம்ப் வற்றினாலோ நிற்க வேண்டும்; குறித்த நேரத்துக்கு மேல் ஓடியும் டேங்க் நிறையவில்லையென்றால் எங்கோ கோளாறு என்று கொண்டு, மோட்டாரை நிறுத்தி, ஒருவர் வந்து பட்டனை அழுத்தும் வரை பூட்டி வைக்க வேண்டும்.

அவர் முதலில் பழகியது புதியவர்கள் பழகும் ஆர்டுயினோ ஊனோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகையில். எல்இடி எரிந்தது, அணைந்தது; ஒரே மாலையில் முடிந்தது. பலகையிலுள்ள 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், நம் நிரலை வாங்கி ஏற்றிக்கொள்ளும் (முன்பே ஏற்றப்பட்டிருக்கும்) பூட்லோடர், சிப்பின் காலுக்கு எண் வைத்து அழைக்கும் வசதி ஆகியவை எல்லாவற்றையும் சுமுகமாக்கிவிடுவதால், சிப் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. கல்லூரி படித்த நண்பர்கள் 8051ஐப் படிக்கச் சொன்னார்கள். இன்டெல் 1980இல் வெளியிட்ட அந்தக் குடும்பம் நம் பாடத்திட்டங்களில் இன்னும் இருக்கிறது; படிக்கத் தகுந்ததும்கூட. ஆனால் ஐந்து கால்களில் முடியும் வேலைக்கு நாற்பது கால் சிப்பும் கடிகாரத் துடிப்பு தரும் வெளிக் கிரிஸ்டலும் வேண்டியதில்லை. நார்வேயின் டிரான்ட்ஹைமில் மாணவர் இருவர் வகுத்த ஏவிஆர் கட்டமைப்பைச் சேர்ந்த ஏடிடைனி85இல் எட்டுக் கால்கள், 8 கிலோபைட் நிரல் இடம், 512 பைட் ராம், 512 பைட் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்), உள்ளேயே ஒரு கடிகாரம். மின்சாரத்துக்கு இரண்டு காலும் ரீசெட்டுக்கு ஒரு காலும் போக மிச்சம் ஐந்து: தண்ணீர் மட்டத்தை அறியும் மிதவை சுவிட்சான ஃப்ளோட் இரண்டு, ஒரு பட்டன், மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே ஒன்று, ஒரு எல்இடி. கணக்கு சரியாக அமைந்தது. ரீசெட் காலையும் ஃப்யூஸ் பிட் (சிப்பின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்) மாற்றி ஆறாவதாகப் பயன்படுத்தலாமே என்று இடையில் ஒரு யோசனை வந்தது. அப்படி மாற்றினால் வழக்கமான புரோகிராமர் (நிரல் ஏற்றும் கருவி) அந்தச் சிப்பைத் தொடவே முடியாது, 12 வோல்ட் கொடுக்கும் தனிக் கருவி வேண்டும் என்று தெரிந்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது.

தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை சென்று, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சிப்பும் யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரும் வாங்கினார். நிரல் ஏற்றுவதற்கு முன் அடையாள எண்ணைப் படிக்கச் சொன்னேன். 30, 147, 11 என்று மூன்று பைட்கள் வந்தன. ஏடிடைனி85க்கு உரியவை அவையே. வயர்கள் சரி, சிப் உயிரோடு இருக்கிறது, மேலே அச்சிட்ட பெயர் உண்மையானது என்ற மூன்றையும் ஒரே கட்டளை உறுதிப்படுத்திவிடுவதால், புதியவர் எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது.

கடிகாரம் சொன்ன கணக்கு

ஒரு விநாடிக்கு ஒரு முறை நிலைமாற வேண்டிய எல்இடி, ஏற்றிய பிறகு அசையாமல் எரிந்துகொண்டே இருந்தது. சிப் கெட்டுவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது. கைப்பேசி ஸ்டாப்வாட்ச்சை வைத்துப் பார்த்ததில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறத்தாழ எட்டு விநாடி. ஏழோ ஒன்பதோ வராமல் எட்டு வந்ததே துப்பாக அமைந்தது. இந்தச் சிப்பின் உள் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஆலையிலிருந்து வரும்போது அதை எட்டால் வகுக்கும் ஃப்யூஸ் பிட் இயங்கும் நிலையில் இருப்பதால், சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். நிரலிலோ 8 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருந்தது. தாமதச் சார்பு கடிகாரத்தை அளப்பதில்லை. எழுதிய எண்ணை நம்பி, அத்தனை சுழற்சிகளை வெறுமனே எண்ணிக் கழிக்கிறது.

ஃப்யூஸை மாற்றும்போது, 0 என்றால் இயங்கும், 1 என்றால் இயங்காது என்ற தலைகீழ் வழக்கம் அவரைச் சற்றுக் குழப்பியது. சிப்பின் தரவேட்டில் (தயாரிப்பாளர் தரும் விவர ஏட்டில்) அந்த அட்டவணையை விரல் வைத்து வரிவரியாகப் படித்த பிறகே எழுதினார். இருநூறு பக்கங்களுக்கு மேல் உள்ள அந்த ஆங்கில ஏட்டை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. கடிகாரம், ரீசெட், போர்ட், டைமர் ஆகிய நான்கு அத்தியாயங்களே அவருக்குப் போதுமாக இருந்தன.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே

நேர எல்லையை அளக்க எட்டு பிட் டைமரைப் பயன்படுத்தினார். 8 மெகாஹெர்ட்ஸை 1024ஆல் வகுத்தால் விநாடிக்கு 7812.5 துடிப்பு, 78 துடிப்புக்கு ஒரு குறுக்கீடு (ஓடும் நிரலை இடைநிறுத்தி ஒரு சிறு நிரல்துண்டை ஓட்டுவது) வைத்தால் 9.984 மில்லிவிநாடி. பத்துக்குச் சற்றுக் குறைகிறதே என்று வருந்தினார். உள் கடிகாரத்தின் ஆலை அளவீடே பத்து விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம் என்று தரவேடு சொல்லும்போது இந்தக் குறை பொருட்டே இல்லை. தண்ணீர் மோட்டாருக்கு அவ்வளவு நுட்பம் தேவையுமில்லை.

மேசையில் மோட்டாருக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பை ரிலேயில் மாட்டிச் சோதித்தோம். பிறகு அவர் சொன்னது இது: “அண்ணா, அஞ்சு நிமிசம் வெச்சா கரெக்டா ஓடுது. ஆறு வெச்சா உடனே நின்னுடுது.” எல்லை நிமிடத்தை 60ஆலும், அதை 100ஆலும் பெருக்கி வந்த எண்ணோடு குறுக்கீட்டு எண்ணிக்கையை ஒப்பிடும் ஒரே வரிதான் அங்கே இருந்தது. அதையே கைப்பேசியில் ஓட்டிக் காட்டினார்: 10 நிமிடத்துக்கு 60000 என்று சரியாகவே வந்தது. இன்ட் என்னும் முழு எண் வகை கைப்பேசியில் 32 பிட். ஏவிஆர் கம்பைலரில் (நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் மென்பொருளில்) அது 16 பிட், உச்சம் 32767. ஐந்து நிமிடத்துக்கு வரும் 30000 அதற்குள் அடங்குகிறது. ஆறு நிமிடத்துக்கு வரும் 36000 அடங்காமல் சுற்றிக்கொண்டு கழித்தல் 29536 ஆகிறது. எண்ணிக்கை சுழியிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டதாக நிரல் முடிவு செய்து, பல்பை உடனே அணைக்கிறது. கம்பைலரின் எச்சரிக்கைகளைக் காட்டும் அமைப்பை இயக்கியதும் இதே வரியைக் கம்பைலரே சுட்டியது. புதியவர்களுக்குத் தரப்படும் மென்பொருளில் எச்சரிக்கைகளை மறைத்து வைப்பதை எந்த நியாயமும் சொல்லி என்னால் ஏற்க முடியவில்லை.

குறி இல்லாத 16 பிட் எண்ணாக மாற்றினால் 65535 வரை போகும். பத்து நிமிடத்துக்கு அது போதும். ஆனால் டேங்க் நிறைய ஆகும் நேரத்தைப் பார்த்து, கட்டடத்தில் 25 நிமிடம் வைக்கத் திட்டமிருந்தது. அதற்கு 150000 வேண்டும். 32 பிட்டுக்குத் தாவாமல், நூறு குறுக்கீட்டுக்கு ஒரு முறை விநாடி எண்ணிக்கையை ஒன்று கூட்டுவது என்று பயிலுநரே முடிவு செய்தார். 25 நிமிடம் 1500 விநாடிதான். அளக்க வேண்டியது விநாடியாக இருக்கும்போது அதன் நூற்றில் ஒரு பங்கை எண்ணிக்கொண்டிருப்பானேன் என்ற அவரது கேள்வி சரியானது.

767

பத்து நிமிட எல்லையோடு, அதாவது 600 விநாடியோடு, மேசைச் சோதனை தொடர்ந்தது. முதலில் பல்பு அணையவே இல்லை. விநாடி மாறியை வோலடைல் (எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது) என்று அறிவிக்காததால், கம்பைலர் அதை ஒரு முறை மட்டும் படித்துவிட்டுச் சுற்றுக்குள் மீண்டும் படிக்காமல் விட்டிருந்தது. இது எல்லாப் பாடநூலிலும் உள்ள செய்தி, விரைவில் சரியானது. அடுத்து வந்ததுதான் இந்த ஆய்வின் மையம்.

பெரும்பாலான முறை பல்பு பத்து நிமிடத்தில் அணைந்தது. சில முறை மட்டும் ஏறத்தாழ எட்டரை நிமிடத்தில் அணைந்தது. வேறு எந்த நேரத்திலும் அணையவில்லை. ரிலே, வயர், பிரெட்போர்டின் தளர்வு என்று எல்லாவற்றையும் அவர் மாற்றிப் பார்த்தார். தளர்வான வயர் என்றால் அது எந்த நேரத்திலும் விட்டுப்போகும். ஒரே நேரத்தைத் தேர்ந்து விட்டுப்போகாது. இந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லி, காரணத்தைச் சிப்புக்குள்ளேயே தேடும்படி சொன்னேன்.

அவர் செய்தது பாராட்டத்தக்கது. பல்பை அணைக்கும் அந்தக் கணத்தில், ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட விநாடி எண்ணையும், அதே மாறியை மறுபடி ஒரு முறை படித்து வந்த எண்ணையும் ஈஈப்ராமில் எழுதி வைக்கும்படி நிரலை மாற்றினார். அடுத்து எட்டரை நிமிடத்தில் அணைந்தபோது, புரோகிராமர் வழியாக ஈஈப்ராமைப் படித்தோம். முதல் எண் 767. இரண்டாவது எண் 512.

512 விநாடி என்பது 8 நிமிடம் 32 விநாடி. உண்மை நேரம் அது. ஒப்பீடு பார்த்ததோ 767. அது 600ஐத் தாண்டியதால் பல்பு அணைந்தது. எட்டு பிட் சிப்பால் 16 பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்க முடியாது. கீழ் பைட்டை முதலிலும் மேல் பைட்டை அடுத்தும் எடுக்கிறது. விநாடி 511 ஆக இருக்கும்போது கீழ் பைட் 255, மேல் பைட் 1. நிரல் கீழ் பைட்டை, 255ஐ, எடுத்துவிட்டது. அந்த நொடியில் குறுக்கீடு புகுந்து விநாடியை 512 ஆக்கிவிட்டுத் திரும்புகிறது. இப்போது கீழ் பைட் 0, மேல் பைட் 2. விட்ட இடத்திலிருந்து தொடரும் நிரல் மேல் பைட்டை, 2ஐ, எடுக்கிறது. இரண்டு 256உம் ஒரு 255உம் சேர்ந்து 767. 511உம் இல்லாத, 512உம் இல்லாத, மாறியில் எந்நாளும் இருந்திராத ஓர் எண்.

விநாடி 255இலிருந்து 256க்கு மாறும்போதும் இதே பிளவு நேரக்கூடும். அப்போது கிடைக்கும் 511, 600க்குள் அடங்கிவிடுவதால் எதுவும் வெளியே தெரியாது. அதனால்தான் பழுது எட்டரை நிமிடத்தில் மட்டும் தலைகாட்டியது. பட்டனை அழுத்தும் கணம் ஒவ்வொரு முறையும் மாறுவதால், குறுக்கீடு சரியாக அந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவே விழுவதும் விழாததும் மாறிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கான 1500 விநாடி எல்லையில் இது எப்போது வரும் என்று அவரையே கணக்கிடச் சொன்னேன். தாளில் எழுதிச் சொன்னார்: 1280இல், ஏனென்றால் ஐந்து 256உம் 255உம் 1535. அதாவது 21 நிமிடம் 20 விநாடியில், சில நாட்களில் மட்டும், காரணமின்றி மோட்டார் பூட்டிக்கொண்டிருக்கும். குடியிருப்போர் மோட்டாரைப் பழித்திருப்பார்கள்.

தீர்வு மூன்று வரி: குறுக்கீட்டை நிறுத்து, எண்ணை நகலெடு, குறுக்கீட்டை விடு. ஒப்பீடு நகலின் மேல் மட்டும். வோலடைல் என்று அறிவித்துவிட்டால் குறுக்கீட்டோடு பகிரும் மாறி பாதுகாப்பாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த அறிவிப்பு ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வைக்குமே தவிர, இரண்டு பைட்டையும் பிரியாமல் படிக்க வைக்காது. ஒரே பைட்டில் அடங்கும் மாறிக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் பிறகு பயிலுநர் எந்த மாறியை எழுதினாலும், அது எத்தனை பைட், அதைக் குறுக்கீடு தொடுகிறதா என்று ஓரத்தில் குறித்து வைக்கத் தொடங்கினார்.

கான்டாக்டர் இழுக்கும்போது

சிப்பின் ஒரு கால் தாங்கும் உச்ச மின்னோட்டம் 40 மில்லிஆம்பியர். சிறிய 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 வரை இழுக்கும். ஆகவே பிசி547 டிரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, சிப்பின் மின்சாரக் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவை முதலிலிருந்தே இருந்தன. ரிலே நேரே மோட்டாரை இயக்கவில்லை. அது கான்டாக்டரை (மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலேயை) இயக்கியது. 230 வோல்ட் பக்க வேலை பயிலுநரின் தொழில் என்பதால், அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

மேசையில் ஒழுங்காக ஓடிய கருவி, கட்டடத்தில் கான்டாக்டரை மாட்டியதும் டப டபவென்று இழுத்து விடத் தொடங்கியது. கான்டாக்டர் இழுக்கும், உடனே சிப் முதலிலிருந்து தொடங்கும், தொடங்கும்போது ரிலே விடும், டேங்க் குறைவு என்று கண்டு மீண்டும் இழுக்கும். மின்சாரம் ஒரு கணம் தொய்வதாக அவர் ஊகித்தார். 5 வோல்ட் அடாப்டரை மாற்றவும் முனைந்தார். மாற்றும் முன் சிப்பையே கேட்கலாம். ஏவிஆரில் எம்சியூஎஸ்ஆர் என்றொரு பதிவகம் உண்டு. மின்சாரம் வந்ததாலா, மின்னழுத்தம் தாழ்ந்ததாலா, ரீசெட் கால் இழுக்கப்பட்டதாலா, நிரல் உறைந்தால் மீட்கும் காவல் டைமராலா என்று கடைசி ரீசெட்டின் காரணத்தை நான்கு பிட்களில் அது வைத்திருக்கும். நிரலின் தொடக்கத்திலேயே அதைப் படித்து, காரணத்துக்கு ஏற்ப எல்இடியை ஒன்று முதல் நான்கு முறை சிமிட்டச் செய்தார். படித்த பின் அதில் சுழி எழுதித் துடைக்க வேண்டும்; துடைக்காவிட்டால் பழைய காரணமும் சேர்ந்தே நிற்கும்.

மின்னழுத்தம் தாழ்ந்ததைச் சிப் அறிய, அதற்கான ஃப்யூஸை 4.3 வோல்ட்டுக்கு வைத்தோம். ஆலையிலிருந்து வரும்போது அது இயங்கா நிலையில் இருக்கும். பிறகு கான்டாக்டரை இழுக்கச் செய்தபோது எல்இடி காட்டியது ரீசெட் காலின் சிமிட்டலை. மின்சாரத்தில் தொய்வு இல்லை. பார்த்தால், நிரலை மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று ரீசெட் காலிலிருந்து பெட்டிக்கு வெளியே ஒரு முழ நீளத்துக்கு வயர் விட்டிருந்தார்; அது கான்டாக்டர் வயரோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தது. ரீசெட் காலைத் தூக்கிப் பிடிக்கும் உள் மின்தடை பல்லாயிரம் ஓம். கான்டாக்டர் முனைகள் சேரும்போதும் பிரியும்போதும் எழும் பொறிக்கு அந்த வயர் ஆன்டெனா ஆகிவிட்டது. வயரை அறுத்து, சிப் அருகிலேயே 10 கிலோஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்து, கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஒரு ஸ்னப்பரும் (பொறியைத் தணிக்கும் அமைப்பு) சேர்த்த பிறகு துடிப்பு நின்றது. அடாப்டர் மாற்றப்படவில்லை.

தண்ணீரின் அலை, மின்வெட்டு

பட்டனை அழுத்தும்போது முனைகள் சேர்ந்து சேர்ந்து பிரியும் துள்ளலுக்கு இருபது, ஐம்பது மில்லிவிநாடி பொறுத்தால் போதும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கும். ஃப்ளோட்டுக்கும் அதையே வைத்திருந்தார். டேங்க்கில் குழாய்த் தண்ணீர் விழும் வேகத்தில் அலையெழுந்து, நிறையும் தறுவாயில் ஃப்ளோட் பல விநாடிகள் ஏறி இறங்குவதால், மோட்டார் நின்று நின்று ஓடியது. நிலை ஐந்து விநாடி மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்பது என்று மாற்றினார். மாடியிலிருந்து வரும் நீண்ட வயருக்கு உள் புல்அப் (காலைத் தூக்கிப் பிடிக்கும் மின்தடை) போதாது, வெளியே 4.7 கிலோஓம் வைத்தார்.

கடைசியாக எஞ்சியது மின்வெட்டு. நேர எல்லை தாண்டிப் பூட்டிய கருவி, மின்சாரம் போய் வந்ததும் அதை மறந்து மோட்டாரை ஓட்டக் கூடாது. எனவே பூட்டு நிலை ஈஈப்ராமில் இருக்க வேண்டும். ஒரு பைட்டை ஒரு லட்சம் முறை எழுதலாம் என்கிறது தரவேடு. மோட்டாரின் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி, நாளுக்குப் பத்து முறை என்று வைத்தாலும் 27 ஆண்டுகள் வரும் என்று பயிலுநர் கணக்கிட்டார். இருந்தாலும் பூட்டு மாறும்போது மட்டும் எழுதுவதே முறை. எழுத ஏறத்தாழ 3.4 மில்லிவிநாடி ஆகும். அதன் நடுவே மின்சாரம் போனால்? 5 வோல்ட் வரியில் இருக்கும் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 5இலிருந்து 4.3 வோல்ட்டுக்கு இறங்க, ரிலே இழுத்திருந்தால் நான்கு மில்லிவிநாடி, விட்டிருந்தால் முப்பதுக்கும் மேல். நான்கு என்பது மயிரிழையில் தப்புவது. ஆகவே ரிலேயை விடுவிக்கும் வரியை, பூட்டை எழுதும் வரிக்கு மேலே நகர்த்தினார். அந்த நிரலே இப்போது கட்டடத்தில் ஓடுகிறது.